ஈஸ்ட் பெராக்ஸிசோமில் ஒரு புரதத்தைத் தேடி

என் புரதத்தோடு பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தை ஒட்டி, முதல் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது அப்படியே நினைவில் இருக்கிறது. செல் முழுக்க ஒரே பச்சை. புள்ளியும் இல்லை, வளையமும் இல்லை. நடுவில் வாக்குவோல் என்ற பெரிய பை இருக்கிற இடம் மட்டும் இருட்டாகத் தெரிந்தது. நோட்டில் "சைட்டோபிளாசம்" (எந்த நுண்ணுறுப்பிலும் சேராமல் செல்லின் உட்புறத்தில் பரவியிருப்பது) என்று ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த ஸ்ட்ரெயினுக்கு, அதாவது அடுத்த ஈஸ்ட் ரகத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத எனக்குப் பதினான்கு மாதம் ஆனது.

ஈஸ்ட் செல்லுக்குள் பெராக்ஸிசோம் என்று ஒரு நுண்ணுறுப்பு இருக்கிறது. ஒற்றைச் சவ்வு மூடிய சின்னப் பை, அவ்வளவுதான். குளுக்கோஸில் வளரும் செல்லில் அது சிறியதாக, ஒன்றிரண்டு மட்டும் கிடக்கும். அதே செல்லை ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்துக்கு மாற்றினால் சில மணி நேரத்தில் எண்ணிக்கையும் அளவும் பெருகிவிடும், ஏனென்றால் ஈஸ்டில் கொழுப்பமிலத்தை உடைக்கும் வேலை மொத்தமும் அந்தப் பைக்குள்தான் நடக்கிறது. நம் உடம்பில் மைட்டோகாண்ட்ரியாவும் அந்த வேலையில் பங்கெடுக்கும், ஈஸ்டில் அது கிடையாது. உடைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை கேட்டலேஸ் நொதி அங்கேயே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றிவிடும். 1954இல் யோஹன்னஸ் ரோடின் சுண்டெலியின் சிறுநீரகச் செல்லில் இந்தப் பைகளைப் பார்த்து விவரித்தார், 1960களில் கிறிஸ்டியான் டி டூவ் இதன் வேதியியலைப் பிரித்துக் காட்டிப் பெயர் வைத்தார். ஆனால் இதை உண்டாக்கும் புரதங்கள் எவை என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஈஸ்டிலிருந்துதான் வந்தது. 1989இல் ரால்ஃப் எர்ட்மானும் குனாவும் அவர்களோடு வேலை செய்தவர்களும், ஒலியேட்டில் (ஒலியிக் அமிலம் மட்டுமே உணவாக உள்ள ஊடகத்தில்) வளர முடியாத ஈஸ்ட் பிறழ்வுகளைத் தேடி எடுத்தார்கள். அந்த வழியில் வந்த ஜீன்களைத்தான் இன்று பெக்ஸ்1, பெக்ஸ்3, பெக்ஸ்5 என்று எண் போட்டுச் சொல்கிறோம். செல்வெகர் நோய்க்குறியோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது மனிதனின் பெக்ஸ்1 ஜீன். அதை 1997இல் அடையாளம் காண முடிந்ததற்கே ஈஸ்டின் பெக்ஸ்1 முன்னாலேயே கையில் இருந்ததுதான் காரணம். எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது அதைப் படித்த பிறகுதான்.

என் வேலை சின்னது. ஈஸ்டில் சுமார் 6,000 ஜீன்கள் இருக்கின்றன, அதன் மரபணு வரிசை 1996இலேயே முழுதாகத் தெரிந்துவிட்டது, அப்படியும் இன்னும் பல ஜீன்களுக்கு வேலை என்னவென்று தெரியாது, எண் மட்டும்தான் உண்டு. ஒலியேட்டுக்கு மாற்றும்போது அளவு கூடுகிற, ஆனால் பெயரில்லாத சில ஜீன்களை எடுத்து, அவை பெராக்ஸிசோமைச் சேர்ந்தவையா, அங்கே என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். அதில் ஒன்றோடு நான் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி வேலையில் இப்போது இறங்குகிறவர்களுக்குச் சில மாதங்களாவது மிச்சமாகட்டும்.

நான் முதலில் செய்தது அந்த ஜீனை நீக்கிவிட்டு ஒலியேட் பிளேட்டில் வளர்கிறதா என்று பார்த்தது. வளரவில்லை! பக்கத்தில் சாதாரண ஸ்ட்ரெயின் காலனியைச் சுற்றி ஒலியேட் கரைந்து தெளிந்த வளையம் வந்திருந்தது, என்னுடையதில் ஒன்றுமே இல்லை. அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவரிடம் பிளேட்டைக் காட்டினேன். அவர் பிளேட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. "கிளிசரால்ல போட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டுப் பார்த்தேன், கிளிசராலிலும் வளரவில்லை. அதற்கு அர்த்தம் என்னவென்றால், என் செல்லில் கெட்டிருந்தது மைட்டோகாண்ட்ரியா. பெராக்ஸிசோம் கொழுப்பமிலத்தை அசெட்டைல் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தாலும், அதிலிருந்து சக்தி எடுக்க மூச்சுவிடும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை இழந்த ஈஸ்ட் குளுக்கோஸில் சின்னக் காலனியாக வளரும், கிளிசராலிலும் எத்தனாலிலும் ஒலியேட்டிலும் வளராது. போரிஸ் எஃப்ருஸி 1949இலேயே இதைப் பற்றி எழுதி 'பெட்டீட்' என்று பெயர் வைத்துவிட்டார். ஆய்வக ஈஸ்டில் இது தானாகவே அடிக்கடி வரும். ஜீனை நீக்கும்போது நான் எடுத்த ஒற்றைக் காலனி அப்படி ஒன்றாக இருந்திருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள அதைச் சாதாரண ஸ்ட்ரெயினோடு கலந்து, இரண்டும் இணைந்த செல்லை (டிப்ளாய்டு) ஸ்போர் என்ற வித்துகளாகப் பிரியச் செய்து, நான்கு ஸ்போர்களையும் ஊசியால் பிரித்து வைத்தேன். இரண்டில் ஜீன் இல்லை, இரண்டில் இருக்கிறது, ஆனால் நான்குமே ஒலியேட்டில் நன்றாக வளர்ந்தன. ஆக, நான் பார்த்த குறைபாட்டுக்கும் நான் நீக்கிய ஜீனுக்கும் தொடர்பே இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சோதனையை இப்போது எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்: ஒலியேட் பிளேட் போடும் நாளில் பக்கத்தில் ஒரு கிளிசரால் பிளேட், ஒரு அசெட்டேட் பிளேட், இரண்டும் கட்டாயம். பெராக்ஸிசோம் மட்டும் கெட்ட செல் அந்த இரண்டிலும் வளர்ந்து ஒலியேட்டில் மட்டும் தடுமாறும். அப்புறம், ஒரே ஒரு காலனியை நம்பி முடிவுக்கு வரவே கூடாது. மூன்று தனித்தனிக் காலனிகளாவது எடுங்கள், நீக்கிய ஜீனைப் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் திரும்பக் கொடுத்தால் குறை சரியாகிறதா என்று பாருங்கள். ரெடிமேடாகக் கிடைக்கும் நீக்கல் தொகுப்புகளிலிருந்து ஸ்ட்ரெயின் எடுத்தாலும் இதே கதைதான், காலப்போக்கில் அவற்றிலும் வேறு மாற்றங்கள் சேர்ந்திருக்கும்.

அடுத்ததுதான் பச்சை விளக்குக் கதை.

புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, அதன் ஜீனோடு, பச்சையாக ஒளிரும் புரதமான ஜி.எஃப்.பி.யின் ஜீனை ஒட்டுவோம். ஈஸ்டில் இது சுலபம், ஜீனின் முடிவுக்கு இரண்டு பக்கமும் நாற்பது ஐம்பது எழுத்துகள் பொருந்துகிற மாதிரி பிரைமர் (சின்ன டி.என்.ஏ. துண்டு) வடிவமைத்து, பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.வைப் பெருக்கி உள்ளே விட்டால் செல்லே சரியான இடத்தில் செருகிக்கொள்ளும். 2003இல் எரின் ஓ'ஷேயும் ஜோனத்தன் வைஸ்மனும் வழிநடத்திய குழு இப்படித்தான் ஒவ்வொரு ஜீனின் வால் முனையிலும் ஜி.எஃப்.பி. ஒட்டி 4,156 புரதங்களைப் பார்த்தது. இன்றுவரை நாங்கள் எல்லோரும் முதலில் திறந்து பார்ப்பது அந்தத் தொகுப்பைத்தான். நானும் அதே போல வால் முனையில் ஒட்டினேன். செல் முழுக்கப் பச்சை. அந்தத் தொகுப்பிலும் சைட்டோபிளாசம் என்றே இருந்தது. இரண்டும் ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரே முறையில் இரண்டு தடவை பார்த்தால் அது இரண்டு சாட்சி ஆகாது என்பது அப்போது உறைக்கவில்லை.

பல மாதம் கழித்து, வேறொரு காரணத்துக்காக அந்தப் புரதத்தின் அமினோ அமில வரிசையை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். கடைசி மூன்று எழுத்துகள் கண்ணில் பட்டன: செரீன், ஆர்ஜினின், லூசின்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். 1980களின் கடைசியில் சுரேஷ் சுப்ரமணியின் ஆய்வகத்தில் ஸ்டீபன் கூல்டும் மற்றவர்களும், மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் நொதி எப்படிப் பெராக்ஸிசோமுக்குப் போகிறது என்று தேடினார்கள். அதன் வால் நுனியில் இருக்கும் செரீன்-லைசின்-லூசின் என்ற மூன்றே அமினோ அமிலங்கள்தான் முகவரி என்று கண்டுபிடித்தார்கள். நடுவில் லைசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்தாலும் முகவரி வேலை செய்யும். பெக்ஸ்5 என்ற புரதம் இந்த நுனியைப் பிடித்துக்கொண்டு சரக்கைப் பைக்குள் கொண்டுபோய் விடுகிறது. நுனி என்றால் நுனியேதான், அதற்குப் பிறகு ஒன்றும் இருக்கக் கூடாது. நான் என்ன செய்திருந்தேன்? அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் 238 அமினோ அமிலம் நீளமுள்ள ஜி.எஃப்.பி.யைக் கொண்டுபோய் ஒட்டியிருந்தேன். புரதம் எங்கே வாழ்கிறது என்று பார்க்க நான் கட்டிய விளக்கே அதன் முகவரியை மூடிவிட்டது. பெரிய தொகுப்பிலும் அதேதான் நடந்திருந்தது.

தலை முனையில் ஜி.எஃப்.பி. ஒட்டிப் புது ஸ்ட்ரெயின் செய்தேன். ஒலியேட்டில் ஒரு ராத்திரி வளர்த்து, காலையில் எடுத்துப் பார்த்தால் கருப்புப் பின்னணியில் எட்டுப் பத்துப் பச்சைப் புள்ளிகள், கூர்மையாக. நான் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு படத்தை இன்னும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் புள்ளியைப் பார்த்ததும் பெராக்ஸிசோம் என்று எழுதிவிட முடியாது. கொழுப்புத் துளியும் புள்ளிதான், கோல்ஜி என்ற இன்னொரு நுண்ணுறுப்பும் புள்ளிதான், புரதம் திரண்டு கட்டியாகக் கிடந்தாலும் புள்ளிதான். பெராக்ஸிசோமின் குறுக்களவு 0.1லிருந்து 0.5 மைக்ரோமீட்டருக்குள் இருக்கும், சாதாரண ஒளி நுண்ணோக்கியோ 0.2 மைக்ரோமீட்டர் வரைதான் பிரித்துக் காட்டும், அதிலும் பெராக்ஸிசோம்கள் பல நேரம் மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். பெராக்ஸிசோமைக் காட்டும் சிவப்பு அடையாளப் புரதத்தோடு ஒன்றாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எழுதினால் யாராவது ஒருவர் சரியாகவே மறுப்பார். எனக்குக் கை கொடுத்தது ஜீன் வழிச் சோதனைதான். பெக்ஸ்5 இல்லாத செல்லில் என் புரதத்தைப் போட்டேன், புள்ளிகள் போய் செல் முழுக்கப் பச்சை. பெக்ஸ்3 இல்லாத செல்லில் பெராக்ஸிசோமே உருவாகாது, அங்கேயும் அப்படியே. கடைசி மூன்று எழுத்தை வெட்டினேன், பரவிப்போனது. கடைசிப் பன்னிரண்டு எழுத்தை மட்டும் தனி ஜி.எஃப்.பி.யின் வாலில் ஒட்டினேன், அது புள்ளியாகப் போய் உட்கார்ந்தது. இந்த நான்கும் சேர்ந்த பிறகுதான் நோட்டில் பழைய சொல்லை அடித்தேன்.

இதில் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. தலை முனையில் ஒட்டும்போது ஜீனின் சொந்த புரோமோட்டரும் (ஜீன் எவ்வளவு இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி) மாறிப்போகிற வாய்ப்பு அதிகம். வலுவான புரோமோட்டர் போட்டால் புரதம் அளவுக்கு மீறி உண்டாகி, பெக்ஸ்5க்குத் தூக்க முடியாமல் பாதி வெளியே நின்றுவிடும், அப்போது புள்ளியும் பரவலும் கலந்து தெரிந்து குழப்பும். 2016இல் மாயா ஷூல்டினரின் ஆய்வகம் கொண்டுவந்த சுவாட் முறையில் சொந்தப் புரோமோட்டரை மாற்றாமலே தலை முனையில் ஒட்ட முடிகிறது. கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். தலை முனையும் எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. சில புரதங்களுக்குப் பெராக்ஸிசோம் முகவரி தலைப்பக்கம் இருக்கிறது, அதைப் பிடிப்பது பெக்ஸ்7, அவற்றுக்குத் தலையில் ஒட்டினால் அங்கே மூடிவிடும். ஆகவே இரண்டு முனையிலும் தனித்தனியாக ஒட்டிப் பார்ப்பதே நியாயம். முகவரியே இல்லாமல் உள்ளே போகிறவையும் உண்டு. பிஎன்சி1 என்ற நொதிக்குத் தன்னுடைய முகவரி கிடையாது, ஜிபிடி1 என்ற இன்னொரு நொதியோடு சேர்ந்துகொண்டு அதன் முகவரியில் உள்ளே போய்விடும். பெராக்ஸிசோம் மடிந்து முடிந்த புரதத்தையும், இரண்டு மூன்று சேர்ந்த கூட்டையும் அப்படியே உள்ளே எடுக்கும் என்பதால்தான் இது நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் புரதம் பிரிந்து நூலாகித்தான் நுழைய வேண்டும். வரிசையில் முகவரி தெரியவில்லை என்பதற்காக ஒரு புரதத்தைப் பட்டியலிலிருந்து தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சின்ன விஷயம், ஆனால் எனக்கு ஒரு வாரத்தைத் தின்றது: ஏடிஇ2 ஜீன் கெட்ட ஸ்ட்ரெயின்களில் வாக்குவோலில் ஒரு சிவப்பு நிறமி சேரும், அது தானாகவே ஒளிரும். மீடியாவில் அடினைன் தாராளமாகச் சேர்த்தால் அந்தத் தொல்லை குறையும்.

இடையில் பெராக்ஸிசோமைத் தனியாகப் பிரித்தெடுத்து, புரதங்களை எடையை வைத்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கொடுக்கும் வேலையும் செய்தோம். சைமோலேஸ் நொதியால் செல் சுவரைக் கரைத்து, 1.2 மோலார் சார்பிட்டாலில் செல் வெடிக்காமல் வைத்து, கையால் மெதுவாக ஹோமோஜினைஸ் செய்து, சென்ட்ரிபியூஜில் சுற்றி, கடைசியில் அடர்த்தி கிரேடியன்ட்டில் ஓட்ட வேண்டும். ஒரு முழு நாள் வேலை, எல்லாம் பனிக்கட்டி மேல். சார்பிட்டாலை ஒரு கட்டத்தில் மறந்தாலும் அன்றைய உழைப்பு போய்விடும். வாக்குவோல் உடைந்தால் அதன் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) எல்லாவற்றையும் அரைத்துவிடும், அதனால் அவற்றை முடுக்கிவிடும் பிஇபி4 ஜீனை நீக்கிய ஸ்ட்ரெயினில் செய்வது நல்லது. இவ்வளவும் சரியாகச் செய்து அனுப்பினால் திரும்பி வந்த பட்டியலில் நூற்றுக்கணக்கான புரதங்கள், அதில் ரைபோசோம் இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, வெளிச்சவ்வின் பிஎம்ஏ1கூட இருக்கிறது. கருவி அவ்வளவு நுணுக்கமானது, ஒட்டிக்கொண்டு வந்த எல்லாவற்றையும் காட்டிவிடும். ஒரு பகுதியில் இருக்கிறதா இல்லையா என்று கேட்பது பிரயோஜனமில்லை. கிரேடியன்ட்டை இருபது பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு புரதமும் எந்தப் பகுதியில் ஏறி எந்தப் பகுதியில் இறங்குகிறது என்று வரைந்து, தெரிந்த பெராக்ஸிசோம் புரதத்தின் வளைவோடு அது கூடவே ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது என் புரதம், பெராக்ஸிசோமில் கொழுப்பமிலத்தை உடைக்கும் நொதியான பிஓஎக்ஸ்1இன் வளைவோடு ஒட்டியே போனது. மைக்ரோஸ்கோப் சொன்னதை முற்றிலும் வேறொரு முறை சொன்னது அதுதான் முதல் தடவை.

சரி, இடம் தெரிந்துவிட்டது. வேலை என்ன?

இங்கேதான் நான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். சுத்தமான நீக்கல் ஸ்ட்ரெயின் ஒலியேட் பிளேட்டில் சாதாரணமாகவே வளர்ந்தது. ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. அப்போது எஸ்பிஎஸ்19 பற்றி வாசித்தது உதவியது. அது பெராக்ஸிசோமில் இருக்கும் ஒரு ரிடக்டேஸ். அதை நீக்கினால் செல் ஒலியேட்டில் பிரச்சினை இல்லாமல் வளரும், ஏனென்றால் ஒலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு ஒன்பதாம் கார்பனில், ஒற்றைப்படை இடத்தில் இருக்கிறது, இந்த நொதி தேவைப்படுவதோ இரட்டைப்படை இடத்துப் பிணைப்புக்கு. பிணைப்பு ஆறாம் கார்பனில் இருக்கும் பெட்ரோசெலினிக் அமிலத்தைக் கொடுத்தால் வளர்ச்சி நின்றுவிடும். இரண்டும் பதினெட்டுக் கார்பன், ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, இடம் மட்டும்தான் வேறு. நம் நீக்கல் ஸ்ட்ரெயினுக்குக் குறையே இல்லை என்று சொல்வதற்கு முன், சரியான கேள்வியைக் கேட்டோமா என்று யோசிக்க வைத்த உதாரணம் இது. நானும் கிடைத்த கொழுப்பமிலங்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

திரவ மீடியாவில் வளர்ச்சி வளைவு எடுக்கலாம் என்று தொடங்கினேன். ஒலியேட் மீடியா பால் மாதிரி கலங்கலாக இருக்கும், அதை அப்படியே ஒளி அடர்த்தி பார்த்தால் நீங்கள் அளப்பது செல்லை அல்ல, எண்ணெய்த் துளியை. செல் ஒலியேட்டைத் தின்னத் தின்ன கலங்கல் குறையும், அதனால் வளர்கிற கல்ச்சரில் எண் இறங்குவதுகூட நடக்கும். நான் முதல் மூன்று தடவை தானியங்கிக் கருவியில் போட்டு அர்த்தமில்லாத வளைவுகளை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு மாதிரியையும் சுற்றி, இரண்டு தடவை கழுவி, அதன் பின் அளக்க ஆரம்பித்தேன், கூடவே பிளேட்டில் காலனியும் எண்ணினேன். கை வேலை அதிகம், ஆனால் எண் நம்பும்படி இருந்தது. ஒலியேட்டைக் கலக்க ட்வீன் சேர்ப்போம். ட்வீன் தானே கொழுப்பமிலத்தின் எஸ்டர், ஈஸ்ட் அதையும் கொஞ்சம் தின்னும். ஆகவே ட்வீன் மட்டும் உள்ள ஒரு குடுவை கட்டாயம் கண்ட்ரோலாக இருக்க வேண்டும். இன்னொன்று, திறந்து பல மாதம் ஆன ஒலியிக் அமிலம் காற்றில் கெட்டுப்போகும், அதில் சாதாரண ஸ்ட்ரெயினே சரியாக வளராது. பாட்டிலில் திறந்த தேதியை எழுதுங்கள், சின்னச் சின்னதாகப் பிரித்துக் குளிரில் இருட்டில் வையுங்கள்.

கழுவி அளந்த முதல் வளைவிலேயே பதில் இருந்தது. கடைசியில் இரண்டு ஸ்ட்ரெயினும் ஒரே அளவுக்கு வந்து சேர்ந்தன, ஆனால் குளுக்கோஸிலிருந்து ஒலியேட்டுக்கு மாற்றிய பிறகு வளர ஆரம்பிக்கும் நேரம் வேறு. சாதாரண செல்லை விட என் நீக்கல் செல் ஏறக்குறைய ஏழு மணி நேரம் தாமதமாகத்தான் எழுந்தது. ஐந்தாம் நாள் பிளேட்டைப் பார்த்தால் இது தெரிய வாய்ப்பே இல்லை. நாங்கள் முதலில் ஓஏஎஃப்1, பிஐபி2 என்ற ஜீன் இயக்கிகள் சரியாக விழிக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டோம், அவற்றின் கீழ் இருக்கும் பிஓஎக்ஸ்1 நேரத்துக்கு உண்டாவதைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. நொதிகள் தயார், பைகளும் பெருகிவிட்டன, ஆனாலும் செல் காத்திருக்கிறது. ஏன்?

2021இல், புரத வடிவத்தைக் கணிக்கும் நிரலான ஆல்ஃபாஃபோல்டின் கணிப்புகள் எல்லோருக்கும் திறந்ததும் என் புரதத்தின் வடிவத்தைப் பார்த்தேன். வரிசையில் தெரியாத ஒற்றுமை வடிவத்தில் தெரிந்தது, தண்ணீரைச் சேர்த்து மூலக்கூறை வெட்டும் ஹைட்ரோலேஸ் நொதிக் குடும்பத்தின் மடிப்பு, வேலை செய்யும் இடத்தில் ஒரு செரீன். கணிப்பை வைத்துக் கட்டுரை எழுதக் கூடாது, சோதனை செய்ய ஒரு யோசனை கிடைத்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு செரீனை அலனினாக மாற்றி நீக்கல் செல்லுக்குக் கொடுத்தேன். புரதம் உண்டானது, பெராக்ஸிசோமுக்கும் போனது, தாமதம் மட்டும் அப்படியே இருந்தது. மாற்றாத ஜீனைக் கொடுத்த செல் நேரத்துக்கு எழுந்தது. அப்படியென்றால் அது அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, எதையோ வெட்டுகிறது.

எதை வெட்டுகிறது என்பதுதான் இப்போது கையில் இருக்கும் கேள்வி. மாற்றிய முதல் எட்டு மணி நேரத்துக்கு, அரை மணிக்கு ஒரு தடவை செல்லை எடுத்து உடனே உறைய வைத்து, உள்ளே எந்தக் கொழுப்பு மூலக்கூறு தேங்கி நிற்கிறது என்று இரண்டு ஸ்ட்ரெயினையும் ஒப்பிடுகிறேன். போன வாரம் எடுத்த மாதிரிகள் மைனஸ் 80இல் இருக்கின்றன, கருவியில் என் முறை அடுத்த செவ்வாய்.